நெருப்பைச் சுற்றி ஜோ ஸ்ட்ரம்மர்

விறகு எரிகிறது, சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். 'யு2' குழுவின் பாடகர் போனோ பேசுகிறார், பழைய நண்பர்கள் பேசுகிறார்கள், திரையில் யாருடைய பெயரும் வரவில்லை.

இன்று மத்தியானம் பார்த்தது, 'தி க்ளாஷ்' என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் பற்றி ஜூலியன் டெம்பிள் 2007-ல் எடுத்த ஆவணப்படம். முதலில் எரிச்சல்தான், யாருய்யா இவர் என்று. அப்புறம் பழகிவிட்டது, அந்த வெளிச்சத்தில் நட்சத்திரமும் சாதாரண ஆளும் ஒன்றுதான்.

ஜோவின் இயற்பெயர் ஜான் மெல்லர், பிறந்தது துருக்கியின் அங்காராவில், அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில், படிப்பு விடுதிப் பள்ளியில். அதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பெயரையும் மாற்றிக்கொண்டு, தெருக்குரலாக மேடையில் நின்றார்.

போலி என்றார்கள் சிலர். நான் சொல்ல மாட்டேன்.

2002 நவம்பர், லண்டன் ஆக்டன். தீயணைப்பு வீரர்களின் போராட்டத்துக்கு நிதி திரட்டப் பாடுகிறார். 1983-ல் க்ளாஷ் குழுவை விட்டு அனுப்பப்பட்ட கிட்டார் கலைஞர் மிக் ஜோன்ஸ், பார்வையாளராக வந்தவர், திடீரென்று மேடையேறி கிட்டார் வாசிக்கிறார், ஏதோ நேற்றுதான் பிரிந்த மாதிரி.

அடுத்த மாதமே ஜோ போய்விட்டார். பிறவியிலேயே இருந்த, யாரும் கண்டுபிடிக்காத இதயக் கோளாறு. வயது 50.

நல்லவேளை, ஜோன்ஸ் அழைப்புக்காகக் காத்திருக்கவில்லை.