நிறம் போனால் போதுமா?

சாயக் கழிவுநீரை மின்வேதி முறையில் சுத்திகரிப்பதைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். உப்பு மிகுந்த அசோ சாயக் கழிவு (இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்பால் நிறம் பெறும் சாயம்) என்றால், மின்னோட்டம் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே வெளுத்துவிடும். நீரில் உள்ள குளோரைடு, நேர்மின்வாயில் (மின்சாரத்தின் நேர்முனையோடு இணைந்த தகட்டில்) குளோரினாக மாறி, சாயத்தின் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பை உடைத்துவிடுகிறது. பென்சீன் வளையங்களில் பல அப்படியே நீரில் கிடக்கும். குளோரோஃபார்ம் போன்ற புதுச் சேர்மங்களும் உண்டாகலாம். அதனால் டிஓசி (நீரில் எஞ்சியிருக்கும் மொத்தக் கரிமக் கார்பன்) அளவு கைக்கு வராமல் எந்த மாதிரியையும் சுத்தமானது என்று நான் எழுதுவதில்லை. சிஓடி (மாசை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) மட்டும் போதாது. குளோரைடு அதிகமிருந்தால், அந்தச் சோதனையில் சேர்க்கும் டைகுரோமேட் என்ற ஆக்சிஜனேற்றி அதற்கும் செலவாகி, அளவு ஏறித் தெரியும்.

போரான் கலந்த வைர மின்வாயில் கதை வேறு. அதை நேர்மின்வாயாக வைத்தால், அதன் பரப்பில் நீரிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற வீரியமிக்க துகள் கரிமப் பொருளைக் கார்பன் டைஆக்சைடு வரை கொண்டுபோய்விடும். ஆனால் அது பரப்பை விட்டுத் தள்ளி வாழாது, மாசுதான் அதைத் தேடி வர வேண்டும். மாசு குறையக் குறைய, மின்னோட்டத்தில் பெரும்பங்கு ஆக்சிஜன் குமிழியாகப் போய்விடும். குமிழி பொங்குவதைப் பார்த்து வேலை நன்றாக நடக்கிறது என்று சிலர் நினைப்பார்கள். நான் அந்தக் கட்டத்தில் மின்னோட்டத்தைக் குறைக்கத்தான் சொல்வேன். ஒரு கிலோ சிஓடியை நீக்கக் கணக்குப்படியே சுமார் 3,350 ஆம்பியர்-மணி தேவை. கலத்தின் (மின்வாய்கள் உள்ள தொட்டியின்) மின்னழுத்தம் 5 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட 17 யூனிட் மின்சாரம். ஒரு துளிகூட வீணாகாவிட்டால்தான் இந்தக் கணக்கு. நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே ஆகும்.

எதிர்மின்வாயையும் கவனிக்க வேண்டும். அங்கே ஹைட்ரஜன் வெளியேறும்போது பக்கத்து நீர் காரமாகிறது. கடின நீரென்றால் தகட்டில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் வெள்ளையாகப் படியும். மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கும்போது வோல்ட் மீட்டர் மெல்ல ஏறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் படிவைத்தான். நீர்த்த அமிலத்தில் கழுவினால் மீட்டர் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த ஹைட்ரஜன் சேர்ந்து நிற்காமல் வெளியேற வழியும் வேண்டும். இதில் சமரசமே கூடாது.

சிஓடி ஏராளமாக உள்ள நீர் முழுவதையும் மின்சாரத்தாலேயே சுத்தம் செய்யச் சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. நுண்ணுயிர்கள் செரிக்கக்கூடியதை அவற்றிடமே விட்டுவிடலாம். அவற்றால் முடியாத மூலக்கூறுகளை மட்டும் கலத்தில் உடைத்து, அப்புறம் உயிரியல் தொட்டிக்கு அனுப்பினால் மின்செலவு வெகுவாகக் குறையும். அனுப்பும் முன் எஞ்சிய குளோரினைச் சோடியம் பைசல்ஃபைட் சேர்த்து நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தொட்டியில் உள்ள நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.