பிராட்வே முனையில் ஒரு காலணாக் கணக்கு

இலக்கியச் சிறுகதை புரியவில்லை என்பவர்கள் பலரும் படித்து முடித்த கையோடு "சரி, இது என்னதான் சொல்ல வருது?" என்று கேட்டுவிடுகிறார்கள். பரீட்சைக்குப் படித்த பழக்கம் அது. கதையில் வருகிறவர் கையில் எவ்வளவு காசு இருக்கிறது, எங்கே போகவேண்டும், எது கிடைக்காமல் தவிக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நம் சென்னையின் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில்தான் தொடங்குகிறது. பிள்ளை அங்கே நின்று கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏமாற்றி, சென்ட்ரல் தாண்டியதும் டிக்கெட் வாங்கினால் அரை கப் காப்பி உண்டு, வெற்றிலை கிடையாது. சென்னையில் டிராம் 1953இல் நின்றுவிட்டது, காலணாவும் போய்விட்டது. அதனால் இந்தப் பத்தியை விறுவிறுவென்று தாண்டிவிடுகிறோம். தாண்டினால் கதை கைநழுவிவிடும். பிறகு கடவுளே வந்து நிற்கும்போது பிள்ளை அவரையும் இதே கணக்கோடுதான் அளக்கிறார். காப்பியைக் குடித்த கடவுள் 'நம்முடைய லீலை' என்றால், இல்லை, சிக்கரி போட்ட ஹோட்டல்காரன் லீலை என்கிறார் பிள்ளை. எட்ட நின்று வரம் தரலாம், உடனிருந்து வாழ முடியாது என்று கடைசியில் கடவுள் சொல்வதற்கான வேர் அந்தச் சில்லறையில் இருக்கிறது.

1934இல் வந்த புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' வேறு மாதிரிக் கடினம். பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். ஜட்கா என்ற குதிரைவண்டி ஓட்டும் முருகேசன் அடிபட்டுக் கிடக்கிறான். மில் வேலைக்குப் போகும் அம்மாளுவிடம் அவனுக்குப் பால்கஞ்சி வார்க்கக் காசில்லை. இருட்டுச் சந்தில் ஒருவன். அடுத்து, அவள் சம்பாதித்த முக்கால் ரூபாய். நடுவில் நடந்ததை ஆசிரியர் எழுதவே இல்லை. மில்லும் சந்தும் வடசென்னைப் புளியந்தோப்பு வாசகருக்குப் பழகியவைதான். ஆனாலும் அந்த முக்கால் ரூபாயில் கண் நிற்காவிட்டால் கடைசி வரியின் கோபம் வெற்றுக் கூச்சலாகத் தோன்றும்.

முதல் வாசிப்பில் தெரியாத சொல்லுக்காக நிற்கவேண்டாம். இரண்டு நாள் கழித்து பென்சிலோடு உட்காருங்கள். காலம் தாவும் இடத்தில் ஒரு கோடு. காசு, சாப்பாடு, வழி பற்றிப் பேச்சு வந்தால் ஒரு புள்ளி. பேசுவது யார் என்று குழம்பினால் கேள்விக்குறி. பிறகு முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். முன்னுரை, விமர்சனம் எல்லாம் அப்புறம். ஒரு தொகுப்பை ஒரே மூச்சில் முடித்தால் ஐந்தாவது கதைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாரத்துக்கு ஒன்று போதும்.

மௌனி என்ற சிறுகதை எழுத்தாளருக்கு இந்தப் பென்சில் உதவாது. அவர் கதைகளில் சம்பவம் மிகக் குறைவு. வாய்விட்டு, மெதுவாகப் படிக்கவேண்டும். அவரிடம் கடைசியாகப் போங்கள்.

புதுமைப்பித்தன் படைப்புகள் 2002இல் நாட்டுடைமை ஆனதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கோடு போட அச்சுப் பிரதிதான் வசதி. போனில் படிப்பவர்கள் பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.