அப்பாவின் நீர் மாத்திரை

அப்பாவுக்கு இதய செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ளாததால் உடம்பில் நீர் கோக்கும். அந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு, அதே வேலையைச் செய்யும் டார்சமைட் எழுதிக் கொடுத்ததைக் கேள்விப்பட்டு சென்னையிலிருந்து சித்தப்பா போன் போட்டார். "நல்லதாப் போச்சு, இதுல ஆயுசு கூடும்." எங்கே பிடித்தாரோ! அமெரிக்காவில் இதய செயலிழப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 2,859 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். டிரான்ஸ்ஃபார்ம்-எச்எஃப் என்ற அந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. எந்த மாத்திரை போட்டவர்களானாலும் இறந்தவர்கள் ஏறக்குறைய 26 சதவீதம்.

அப்புறம் ஏன் மாற்றினார்கள்? அப்பாவுக்குக் குடலிலும் நீர் கோத்திருந்தது. குடல் வழியாக லாசிக்ஸ் ரத்தத்தில் ஏறுவது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். ஒருநாள் பாத்ரூமே கதியென்று இருப்பார், மறுநாள் மாத்திரை போட்ட சுவடே தெரியாது. டார்சமைட் பெரும்பாலும் 80 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடுமாம். 40 மில்லிகிராம் லாசிக்ஸுக்கு இது 20 போதும். டோஸைப் பாதியாக்கிவிட்டார்களே என்று அம்மா பதறியது வீண்.

எங்கள் வீட்டுச் சிக்கலே வேறு. குடியாத்தத்திலிருந்து வேலூருக்குச் செக்கப் போகிற நாளில் அப்பா மாத்திரையைத் தொடவே மாட்டார். "நடுவழியில பஸ்ஸ நிறுத்துவானாடா?" நியாயம்தானே. டாக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அன்னிக்கு வீட்டுக்கு வந்து மத்தியானம் போடட்டும். சாயங்காலம் மட்டும் வேண்டாம், ராத்திரி தூக்கம் கெடும்" என்றார்.

தினமும் காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததும், காபிக்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். தறியில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்த அப்பாவுக்கு மெஷின்மேல் நம்பிக்கையில்லை. அரைஞாண் கயிறு இடுப்பில் எவ்வளவு பதிந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். பெரும்பாலும் இரண்டும் ஒத்துத்தான் போகிறது.

கூடவே ஸ்பைரோனோலாக்டோன் என்று இன்னொரு மாத்திரை, 25 மில்லிகிராம். கடுமையான இதய செயலிழப்பில் உயிரிழப்பைக் குறைப்பதாக 1999லேயே ஆய்வில் தெரிந்தது இதுதான். சித்தப்பா இதைச் சொல்லியிருந்தால் பேசாமல் கேட்டிருப்பேன். பொட்டாசியத்தை ஏற்றிவிடும் என்பதால் ரத்தப் பரிசோதனை உண்டு, சித்திரை வெயிலிலும் இளநீர் கிடையாது. சோடியம் குறைந்த உப்பும் ஆகாது, அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். அத்தை ஆசையாக வாங்கி வந்த பாக்கெட்டை அவரிடமே கொடுத்தனுப்பினோம். உப்பு ஏறிய கருவாட்டுக்கு மட்டும் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது.