காம்பராக்குள்ள வந்த வௌவால்
நேத்து ராவு மழை விட்டதும் எங்க லயத்து காம்பராக்குள்ள ஒரு வௌவால் வந்து கூரையில தொங்குச்சு, டோர்ச் அடிச்சா செட்டைத் தோல் வழியா வெளிச்சம் தெரியுது, உள்ள வெரல் வெரலா எலும்பு. "டைனோசர் காலத்துல பறந்துச்சே டெரோசர், அது இதுவாண்ணே?"ன்னான் தம்பி. இல்லடா, டெரோசர் டைனோசரே இல்ல, டைனோசருக்கு சொந்தக்காரன் மாதிரி. வௌவால் செட்டையை நாலு வெரல் தாங்குது, டெரோசருக்கு நாலாவது வெரல் ஒண்ணுதான், அதுவே எக்கச்சக்கமா நீண்டு கெடக்கும்.

1971ல டெக்சாஸ்ல டக்ளஸ் லாசன் கண்டெடுத்த குவெட்சால்கோட்லஸ்ங்கிற டெரோசர் செட்டைய விரிச்சா 10 மீட்டர் கிட்ட வரும், எங்க லயத்துல மூணு காம்பரா! அம்புட்டு பெரிசு எப்படி எழும்புச்சாம்? எலும்பெல்லாம் உள்ள வெறும் காத்து, அதோட முன்னங்கால் ரெண்டையும் தரையில ஊனி எம்பியிருக்கும்னு நெறைய ஆய்வாளருங்க சொல்றாங்க, எனக்கும் அதான் சரின்னு படுது.

அதுக்குள்ள அம்மா வெளக்கமாத்தோட வந்துட்டாங்க.