டிரைவ் ஷாப்ட் ஆயில் சீல்: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வண்டி நின்ற இடத்தில் தரையில் ஆயில் பொட்டு கிடந்தால் "எந்த சீல் போச்சு?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்பேன். அது எந்த ஆயில், எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது: இந்த வரிசையில்தான் போவேன். ஏன் என்று தெரியாமல் புது சீலை அடித்து ஏற்றினால், கொஞ்ச நாளில் அதே இடத்தில் அதே பொட்டு மறுபடி விழும்.

என்னுடையது முன்சக்கர இழுவை உள்ள கிராஸ்ஓவர், மேனுவல் கியர்பாக்ஸ். இடது முன்சக்கரத்துக்குச் சற்று உள்பக்கமாகப் பொட்டு விழ ஆரம்பித்தது. இந்த மாதிரி வண்டியில் கியர்பாக்ஸும், சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். அதன் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு டிரைவ் ஷாப்ட் சக்கரத்துக்குப் போகும். சுற்றிக்கொண்டே இருக்கிற ஷாப்ட் கூட்டை விட்டு வெளியே வரும் வாயில் ஆயிலைத் தடுத்து நிற்பது சீல் என்கிற ஒரு சின்ன வளையம்தான். வெளியே இரும்புச் சட்டம், உள்ளே ரப்பர் உதடு, அந்த உதட்டை ஷாப்டோடு அணைத்துப் பிடிக்க அதன் முதுகில் ஒரு மெல்லிய சுருள் ஸ்பிரிங். பெரும்பாலானவற்றில் தூசியைத் தடுக்க வெளிப்பக்கம் இன்னொரு சின்ன உதடும் இருக்கும்.

ரப்பர் நேரடியாக இரும்பில் உரசுவதில்லை. நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆயில் படலம் இருக்கும், உதடு அதன் மேல்தான் வழுக்குகிறது. படலம் இல்லாவிட்டால் உதடு கருகிவிடும், அதிகமானால் வெளியே ஒழுகும். இதை மனதில் வைத்துக்கொண்டால், ஷாப்டில் ஒரு சின்னக் கீறலுக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்பது புரியும்.

சரி, எந்த ஆயில்? வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை இரவு முழுக்க விரித்து வையுங்கள். பழைய எஞ்சின் ஆயில் கருப்பாக இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் புதிதில் சிவப்பு, பழசானால் பழுப்பு. மேனுவல் கியர்பாக்ஸ் ஆயிலைக் கண்ணைவிட மூக்கு சீக்கிரம் கண்டுபிடிக்கும், அதில் கலந்த கந்தகச் சேர்மத்தால் ஒரு காட்டமான நெடி வரும். விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தால் போதும். ஷாப்டின் இரு முனையிலும் வளைந்துகொடுத்துச் சுற்றுகிற சிவி ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்திருந்தால் வருவது ஆயில் இல்லை, கெட்டியான கிரீஸ். அது சொட்டாது, சக்கரத்தின் உள்பக்கமும் சுற்றுப்புறமும் கட்டி கட்டியாகத் தெறித்து ஒட்டியிருக்கும். பூட்டுக்கும் சீலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ஷாப்டையே மாற்றியவர்கள் உண்டு.

அடுத்தது, எங்கிருந்து? வண்டி ஓடும்போது காற்று எல்லாவற்றையும் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். வால்வு கவரிலிருந்தோ ஆயில் ஃபில்டரிலிருந்தோ கசிகிற எஞ்சின் ஆயில் வழிந்து வந்து கியர்பாக்ஸின் அடிவயிற்றில் தொங்கி நிற்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஈரம் என்றால் கிராங்க் ஷாப்டின் பின் சீல் மேலும் சந்தேகம் போகும். ஆகவே ஈரமான இடம் எல்லாமே குற்றவாளி இல்லை. ஈரத்திலேயே ஆக உயரமான, ஆக முன்னால் இருக்கிற புள்ளியைத் தேடுங்கள். அது தெரிய வேண்டுமென்றால் முதலில் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்தாக வேண்டும். பிரேக் கிளீனரும் வேஸ்ட் துணியும் போதும். துடைத்துவிட்டு வழக்கம்போல ஓட்டி, மறுபடி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கசிவு மெல்லியதாக இருந்தால் துடைத்த இடத்தில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு, எங்கே முதலில் நனைகிறது என்று பாருங்கள்.

என் வண்டியில் அந்தத் துடைப்புக்குப் பிறகு விஷயம் தெளிவானது. எஞ்சின் சேருமிடம் காய்ந்து கிடந்தது. இடது ஷாப்டின் உள்முனை சிவி ஜாயிண்டும் (உள் ஜாயிண்ட்) கியர்பாக்ஸும் சந்திக்கிற வளையத்தின் கீழ்ப்பாதி மட்டும் பிறை மாதிரி நனைந்திருந்தது. அதற்கு நேர் எதிரே, வண்டிக்கு அடியில் இருக்கிற இரும்புச் சட்டமான சப்ஃபிரேமில் ஒரு மெல்லிய கோடாக ஆயில் தெறித்திருந்தது. சுற்றுகிற ஷாப்ட் வீசியெறிகிற ஆயில் இப்படித்தான் ஒரே தளத்தில் கோடு போடும். இந்தக் கோட்டைப் பார்த்தால் சீல் என்று துணிந்து சொல்லலாம்.

நான்கு சக்கரமும் இழுக்கிற கிராஸ்ஓவர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அந்த வண்டிகள் பலவற்றில் பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் பெட்டி ஒரு பக்கத்தில் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்கும், ஷாப்ட் அதன் வழியாகத்தான் வெளியே வரும். அதற்குத் தனி ஆயில், அளவும் மிகக் கொஞ்சம். அந்தப் பக்கக் கசிவைத் தள்ளிப் போடாதீர்கள், கொஞ்சம் குறைந்தாலே உள்ளே இருக்கிற பல்சக்கரங்கள் பட்டினி கிடக்கும்.

இனி ஏன் என்ற கேள்வி. இடது பக்கத்தைத் துடைக்கும்போது வலது சீலும் லேசாக வியர்த்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கசிந்தால் என் சந்தேகம் முதலில் பிரீதர் மேல்தான் விழும். கியர்பாக்ஸ் சூடாகும்போது உள்ளே காற்று விரியும். அது வெளியேற மேலே ஒரு சின்னக் குழாயும் மூடியும் இருக்கும், அதுதான் பிரீதர். அது அடைத்துக்கொண்டால் காற்று வேறு வழி தேடும், கிடைப்பது சீலின் உதடுதான். நல்ல சீலைக்கூட அந்த அழுத்தம் ஒழுக வைத்துவிடும். என் வண்டியில் பிரீதர் மூடி மண்ணும் ஆயிலும் சேர்ந்து இறுகி, சுற்றவே மறுத்தது. கழற்றி ஊறவைத்துக் கழுவி, வாயால் ஊதினால் காற்று தாராளமாகப் போகிற வரை விடவில்லை. ஐந்து நிமிட வேலை. சீலைத் தொடுவதற்கு முன் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து ஆட்டம். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, உள் ஜாயிண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உணர்ந்தும் உணராத அசைவு சகஜம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடினால் டிஃபரன்ஷியல் பேரிங் தேய்ந்திருக்கலாம். அந்த ஆட்டத்தோடு எந்த சீலும் நிற்காது.

கழற்றும் வேலையை வண்டிக்கு வண்டி மாறுகிற இடங்களைத் தவிர்த்துச் சொல்கிறேன். ஷாப்டின் வெளிமுனையைச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் பிடித்து வைக்கிற ஹப் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே, பிரேக் பிடித்த நிலையில் இளக்கிவிட வேண்டும். அது மிக இறுக்கமாக இருக்கும், ஸ்டாண்டில் நிற்கிற வண்டியோடு மல்லுக்கட்டக் கூடாது. இளக்கிய பிறகு வண்டியை உருட்டவும் கூடாது, நட்டின் இறுக்கம் இல்லாமல் எடை ஏறினால் வீல் பேரிங் கெட்டுப்போகும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன் ஆயில் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். இருக்கிற ஆயிலை வடித்துவிட்டு, ஊற்றுகிற வாய் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியதைப் பாருங்கள். மை மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தால் இயல்பான தேய்மானம். நகத்தில் சிக்குகிற துணுக்குகள் இருந்தால் சீல் வேலையை நிறுத்திவிட்டு கியர்பாக்ஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கீழ் பால் ஜாயிண்டை விடுவித்து, ஹப்பைத் தாங்குகிற நக்கிளை வெளிப்பக்கம் சாய்த்தால் ஷாப்டின் வெளிமுனை ஹப்பிலிருந்து வந்துவிடும். பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயரிலும் எடை தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்முனையில்தான் அவசரம் கூடாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் எப்போதும் சொல்வார்: "ஷாப்டைப் புடிச்சு இழுக்காத தம்பி, ஜாயிண்டைப் புடிச்சு நெம்பு." காரணம் இருக்கிறது. உள் ஜாயிண்ட் முன்னும் பின்னும் நகரும்படி செய்யப்பட்டது, ஷாப்டைப் பிடித்து இழுத்தால் ஜாயிண்ட் உள்ளுக்குள்ளேயே பிரிந்துகொள்ளும். கியர்பாக்ஸ் கூட்டுக்கும் ஜாயிண்டுக்கும் நடுவில் நெம்புகம்பியை வைத்து, சீல் உட்காரும் விளிம்பில் படாமல் ஒரே வெட்டாக நெம்பினால் உள்ளே ஷாப்டைப் பிடித்து வைத்திருக்கிற சர்க்ளிப் என்ற கம்பி வளையம் விட்டுக்கொடுக்கும். சில வண்டிகளில் ஒரு பக்க ஷாப்ட் நடுவில் பிராக்கெட்டோடும் பேரிங்கோடும் வரும், அங்கே முதலில் அந்த போல்ட்டுகளை எடுக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் மாற்றுவதாக இருந்தாலும் ஒரு பக்கத்தை முடித்துப் பூட்டிய பிறகுதான் அடுத்த பக்கத்தைக் கழற்றுவேன். சில கியர்பாக்ஸில் இரண்டு ஷாப்டும் ஒரே நேரத்தில் இல்லாவிட்டால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிற பக்கப் பல்சக்கரங்கள் இடம் மாறிவிடும். அப்புறம் ஷாப்ட் உள்ளே போகாது.

பழைய சீலை எடுப்பதற்கு முன் அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெர்னியரால் நான்கு இடங்களில் அளந்து எழுதிக்கொண்டேன். எடுத்த சீலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். புது சீலில் உதட்டின் முனை கத்தி விளிம்பு போலக் கூராக இருக்கும். இதில் அது தட்டையாகி, கண்ணாடிபோலப் பளபளக்கும் அகலமான பட்டையாகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்கவில்லை, வெப்பத்தில் இறுகிப்போயிருந்தது. வளைத்ததும் உதட்டில் மயிரிழை வெடிப்புகள் வாய் திறந்தன.

இனி ஷாப்ட். சீல் உதடு ஓடுகிற பட்டையைத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். வெறும் பளபளப்புக் கோடு என்றால் பரவாயில்லை. நகம் தட்டி நின்றால் அது பள்ளம், அதன் மேல் புது சீல் போட்டால் புதிய உதடு பழைய பள்ளத்திலேயே போய் உட்காரும். என் இடது ஷாப்டில் நகம் நின்றது. சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து உதட்டைப் புதிய இடத்தில் ஓட விடுவது ஒரு வழி, ஆனால் என் கூட்டில் சீல் போய் முட்டுகிற படி இருந்ததால் அதற்கு இடமில்லை. அதனால் ஷாப்டின் மேல் ஏற்றுகிற மெல்லிய எஃகு ஸ்லீவைப் போட்டேன். எஸ்கேஎஃப் தயாரிக்கிற ஸ்பீடி ஸ்லீவின் சுவர் கனம் வெறும் 0.28 மில்லிமீட்டர், அதனால் சீலின் அளவை மாற்ற வேண்டியதில்லை. ஷாப்டின் விட்டத்தைச் சரியாக அளந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்லீவ் கிடைக்காத அளவாக இருந்தால் ஜாயிண்டையே மாற்றுவது நல்லது. எமரி தாளால் பள்ளத்தைத் தேய்த்து எடுக்கப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சாய்வாக விழுகிற கீறல்கள் திருகு மரை மாதிரி வேலை செய்து, ஷாப்ட் சுற்றச் சுற்ற ஆயிலை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும்.

புது சீலை வாங்கும்போது இடதும் வலதும் ஒன்றுதானா என்று பார்ட் நம்பரைப் பாருங்கள். பலவற்றில் வேறு வேறு. சிலவற்றின் முகத்தில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். உதட்டின் அடியில் சாய்வான சின்ன வரிகள் வைத்து, கசிகிற ஆயிலை உள்ளேயே திருப்பி அனுப்பும்படி செய்திருப்பார்கள். பக்கம் மாறினால் அதே வரிகள் வெளியே அனுப்பும்.

ஸ்பிரிங் தெரிகிற பக்கம் கியர்பாக்ஸுக்குள் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் இருக்கிற பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸை அப்பிவிட்டால் தட்டும்போது அது துள்ளி விழாது. உதட்டில் அதே கியர் ஆயிலைத் தடவுங்கள், காய்ந்த உதடு முதல் சில சுற்றுகளிலேயே கருகும். சீலின் வெளிச்சட்டத்தின் விட்டத்துக்குச் சரியாக உட்காரும் குழாயையோ பெரிய சாக்கெட்டையோ வைத்து, சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டாக, சுற்றிச் சுற்றி. நேரே விளிம்பில் தட்டினால் சீல் கோணிக்கொள்ளும். உள்ளே போன பிறகு வெர்னியரை மறுபடி எடுத்து அதே நான்கு இடங்களில் அளந்து, எழுதி வைத்த அளவோடு ஒப்பிட்டேன். கண்ணுக்கு நேராகத் தெரிவது இங்கே போதாது.

ஷாப்டை ஏற்றும்போது, அதன் உள்முனையில் வரிவரியாக இருக்கிற ஸ்பிளைனின் பற்கள் புது உதட்டைக் கிழிக்காமல் இருக்க வேண்டும். சில சீல்களோடு இதற்காகவே பிளாஸ்டிக் உறை கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ஷாப்டின் எடையை இன்னொருவர் தாங்கிப் பிடிக்க, உதட்டில் படாமல் நடுவாக்கில் நேராக நுழையுங்கள். புது சர்க்ளிப் போட்டு, கிளிக் என்று உட்கார்ந்ததும் ஜாயிண்டைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது.

ஆயில் விஷயத்தில் கையேட்டில் சொன்னது மட்டும்தான். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தர வகைகள். ஜிஎல்-4 கேட்கிற கியர்பாக்ஸில் எல்லா ஜிஎல்-5 ஆயிலும் ஒத்துக்கொள்ளாது, அதில் இருக்கிற சேர்மங்கள் கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைக்கிற பித்தளை சிங்க்ரோ வளையங்களைக் கெடுக்கலாம். கியர் படிகளே இல்லாத சிவிடி கியர்பாக்ஸ் என்றால் அதற்கான திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். என்னுடையதில் வண்டி சமமாக நிற்கும்போது ஊற்றும் வாயிலிருந்து வழியத் தொடங்குகிற வரை ஊற்ற வேண்டும். பிளக்குகளுக்குப் புது வாஷர். ஹப் நட்டும் புதிது. கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கிவிட்டு, நட்டின் விளிம்பை ஷாப்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கிவிட்டேன்.

வேலை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு சொட்டு விழலாம். சப்ஃபிரேமின் மடிப்புகளில் தேங்கிய பழைய ஆயில் வண்டி ஆடும்போது வெளியே வரும். அதைப் பார்த்துப் புது சீலைச் சந்தேகப்படாமல், நன்றாகத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். பார்க்க வேண்டியது சப்ஃபிரேமை அல்ல, ஜாயிண்டைச் சுற்றிய அந்த வளையத்தை. என்னுடையதில் இரண்டு பக்கமும் காய்ந்திருக்கிறது. பிரீதர் மூடியை இப்போது ஒவ்வொரு சர்வீஸிலும் கையால் சுற்றிப் பார்த்துவிடுகிறேன்.