முட்டிக் கணக்கு

மார்ச் 9, 2025, ஞாயிறு

பிசியோதெரபிஸ்ட் அளவு நாடாவை எடுத்து என் இரண்டு தொடைகளையும் அளந்தார். வலதைவிட இடது 4 சென்டிமீட்டர் இளைத்திருக்கிறது. காலை நீட்டச் சொன்னார். வலது நீண்டது. இடது 15 டிகிரி பாக்கி வைத்து நின்றுவிட்டது. வேலூர் லாங் பஜாரில் மொத்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன் நான், ஊரார் பாக்கியெல்லாம் மனப்பாடம். என் கால் வைத்திருக்கும் பாக்கியை இன்றுதான் யாரோ எழுதிக் காட்டினார்கள்.

வயது 39. ஹீமோஃபிலியா ஏ, தீவிர வகை. ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம், இயல்பான அளவில் ஒரு சதவீதம்கூட என்னிடம் இல்லை. சின்ன வயதில் முட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கினால் ஃபேக்டர் ஊசி எங்களுக்கு எட்டாத விலை. ஐஸ், கட்டில், "அசையாதே கண்ணு" என்ற அம்மாவின் குரல், அவ்வளவுதான் வைத்தியம். வீக்கம் வடிய மூன்று வாரம் ஆகும். அதற்குள் தொடைச் சதையும் வற்றிவிடும். சதை வற்றினால் மூட்டைத் தாங்க ஆளில்லை, அடுத்த ப்ளீடிங்கும் அதே முட்டியில்தான். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொன்னவர்களுக்கே அப்போது அவ்வளவுதான் தெரியும். பள்ளியில் பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் உட்கார வைப்பார்கள். எல்லார் செருப்புக்கும் நான்தான் காவல்.

இப்போது கொடுத்திருக்கும் வீட்டுப்பாடம்: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணி விட வேண்டும். பத்து தடவை. மூட்டு அசையாது, தொடை மட்டும் இறுகும். "இதுக்குப் பேர் உடற்பயிற்சியா மேடம்?" என்றேன். "முதல்ல பத்தோட நிறுத்திக் காட்டுங்கண்ணா" என்றார்.

மார்ச் 12, புதன்

பத்து. வலி இல்லை. நடுவில் கரண்ட் போய்விட்டது.

மார்ச் 20, வியாழன்

அக்கா மகன் வந்திருந்தான். 11 வயது. அவனுக்கும் இதேதான். நோய்க்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து எனக்கும், அக்கா வழியாக அவனுக்கும் வந்தது. மாமனைப் போல மருமகன் என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது அக்கா முகம் வாடிவிடும். ஆனால் அவன் என்னைப் போல இல்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாக, வாரம் இரண்டு முறை, ப்ளீடிங் வருவதற்கு முன்பே ஊசி. முட்டிகள் இரண்டும் சும்மா வழவழவென்று இருக்கின்றன. பொறாமையாகக்கூட இருந்தது, எழுதிவிடுகிறேன்.

அவனுக்குக் கபடி ஆட ஆசை. கூடாது என்றேன். ஏன் என்றான். உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம், தலையில் அடிபட்டால் உள்ளே கசியும் என்றேன். "ஊசி போட்ட அன்னிக்கு மட்டும்?" என்று பேரம் பேசினான். கெட்டிக்காரன். ஊசி மூலம் ஏறும் ஃபேக்டர் 8 ஏறத்தாழ 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் ஓட்டம், சைக்கிள் போன்றவற்றை ஊசி போட்ட நாளில் வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான். கபடிக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஏப்ரல் 2, புதன்

எல்லாம் என் தப்பு. பயிற்சி நன்றாகப் போகிறதே என்ற திமிரில் காலையில் கோட்டைக்கு நடக்கப் போனேன். உள்ளே கால் மணி நேரம் நடந்து திரும்ப வேண்டும், அதுதான் பேச்சு. எழுபது வயசுப் பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. முக்கால் மணி நேரம் நடந்தேன்.

சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே முட்டிக்குள் குறுகுறுவென்றது. அப்புறம் லேசான சூடு. தேய்ந்த மூட்டின் வலி எனக்குத் தெரியும். அது காலையில் எழுந்ததும் விறைத்துப் போய்க் கிடக்கும், நாலு எட்டு நடந்தால் இளகும். இது நேரமாக ஆக உள்ளே இறுகிக்கொண்டே போகும். வீக்கம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆட்டோ பிடித்துப் போய் ஊசி போட்டு வந்தேன். கால் தலையணை மேல். துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி.

பக்கத்து வீட்டு அண்ணன் வந்து பார்த்தார். "இன்னாபா இது, எண்ணெய் போட்டு நல்லா நீவி உட்டா சரியாப் பூடும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ரத்தம் கசிகிற மூட்டை நீவினால் இன்னும் கசியும் என்று புரிய வைப்பதற்குள் ஐஸ் உருகிவிட்டது. வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் பக்கம் போகவே கூடாது, ரத்தக்கசிவு கூடிவிடும்.

அவர் போகும்போது, "அதான் நம்ம சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலயே குணப்படுத்துறாங்களாமே?" என்று கேட்டார். மரபணு சிகிச்சையைச் சொல்கிறார். தீவிர ஹீமோஃபிலியா ஏ உள்ள 5 பேருக்குச் செய்து, அதற்குப் பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் ஆய்வு வெளியானது. எங்கள் ஊர்ப் பெருமை, சந்தேகமில்லை. ஆனால் நாளைக்கே அது எல்லோருக்கும் வந்தாலும் அரித்துப்போன என் குருத்தெலும்பு திரும்ப முளைக்காது. தொடைச் சதையை நான்தான் வளர்த்தாக வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மறுபடி துண்டு. மறுபடி பத்து. மூன்று வாரம் ஏறிய படியெல்லாம் இறங்கி முதல் படிக்கு வந்தாயிற்று. வீக்கமும் வலியும் அடங்கினால் மூட்டு அசையாத பயிற்சி, அது பழகியதும் வலிக்காத அளவுக்குத் தானாக மடக்கி நீட்டுவது, எடை தூக்குவது கடைசியில். யாரும் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்கக் கூடாது. வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

உலக ஹீமோஃபிலியா தினம். இந்த ஆண்டு பெண்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவைப் பிடித்து இழுத்துப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். மாதவிடாயில் ஒன்பது நாள் போகும், பல் பிடுங்கினால் இரண்டு நாள் கசியும், "அது எப்பவும் அப்படித்தான்" என்பாள். மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்கும் ஃபேக்டர் குறைந்திருக்கலாம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. இரண்டு நோயாளிகளைப் பார்த்தவளை யாரும் பார்க்கவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். வேலூர் வெயிலைப் பற்றி எழுத மை வீண். பயிற்சியை அதிகாலை 5 மணிக்கு மாற்றிவிட்டேன்.

பையனை நீச்சல் குளத்தில் சேர்த்திருக்கிறோம். கிணற்றில் தலைகீழாகக் குதிக்கும் நீச்சல் இல்லை, ஏணியில் இறங்கும் நீச்சல். தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்குச் சுமை குறைவு, சதைக்கோ முழு வேலை. ஓடும் பையனைப் பார்த்துக் கத்த வேண்டியிருப்பது குளத்துக்கு வெளியேதான், அந்த ஈரத் தரை. நானும் மார்பளவு தண்ணீரில் நடந்தேன். 39 வயதில் முதல் தடவை. இடது கால் நொண்டவில்லை. கரையேறியதும் பழைய கால்.

"நீச்சல்ல யாரையும் அவுட் ஆக்க முடியலையே மாமா" என்று பையன் குறைப்பட்டுக்கொண்டான்.

மே 25, ஞாயிறு

அளவு நாடா: இடது தொடை ஒன்றரை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. நீட்டுவதில் பாக்கி 10 டிகிரி. அக்காவின் ரிப்போர்ட்டும் வந்தது, ஃபேக்டர் 31 சதவீதம், குறைவுதான். இனி பல் பிடுங்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. பி.டி. சாருக்குக் கொடுக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நடை, ஓட்டம், பூப்பந்து, டேபிள் டென்னிஸ் ஆடலாம். கபடி, கால்பந்து வேண்டாம். கிரிக்கெட் என்றால் ரப்பர் பந்து. மூட்டில் குறுகுறுப்பு என்று அவன் சொன்னால் வீக்கம் இல்லாவிட்டாலும் நம்புங்கள், உடனே எங்களைக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டால் வலி இல்லையென்றாலும் காத்திருக்க வேண்டாம். கடைசியில், அவனை மரத்தடியில் உட்கார வைக்க வேண்டாம் என்று எழுதிவிட்டு, கொஞ்சம் அதிகாரமாக இருக்கிறதோ என்று அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன்.

பையன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"கால்பந்து வேண்டாம்னு போட்டிருக்க. கோல் கீப்பரா நின்னா?"

"கீப்பரும் கால்பந்துதான்டா."

"சரி, ஸ்கோர் எழுதலாம்னு மட்டும் போட்டுடாத மாமா."

போடவில்லை.