அயோவாவின் பழைய நிலவரைபடத்தில் ஒரு பண்ணை வீட்டைத் தேடிய விதம்

கையில் இருந்தது பத்திரத்தின் ஒரு வரி மட்டும்: வடமேற்குக் கால் பாகம், தென்கிழக்குக் கால் பாகம், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 82 வடக்கு, ரேஞ்ச் 24 மேற்கு. இடம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஸ்டோரி கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு). இந்த வரியைக் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். ரேஞ்ச் 24 மேற்கு, டவுன்ஷிப் 82 வடக்கு என்பவை, நில அளவையின் தொடக்கக் கோடுகளிலிருந்து மேற்கே 24ஆவதாகவும் வடக்கே 82ஆவதாகவும் உள்ள சதுரத்தைக் காட்டும். டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம். அதில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி, ஏர் உழுவதுபோல ஒரு வரிசை மேற்கே, அடுத்தது கிழக்கே என்று போகும். ஆகவே 14 என்பது மூன்றாம் வரிசையில் கிழக்கிலிருந்து இரண்டாவது. அதன் தென்கிழக்கு 160 ஏக்கருக்குள் வடமேற்கு 40 ஏக்கர்தான் நிலம்.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் (USGS) டோப்போவியூ தளத்தில் பழைய நிலவரைபடத் தாள்கள் இலவசம். சாதாரண ஜேபெக் படத்தில் இருப்பிடத் தகவல் இருக்காது. இருப்பிடத் தகவலோடு வரும் ஜியோடிஃப் கோப்பை இறக்கி, க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் திறப்பது நல்லது. அந்தப் பகுதியில் 1:24,000 அளவுகோல் தாளின் அகலம் ஏறக்குறைய 6.4 மைல்தான். டவுன்ஷிப் முழுதும் ஒரே தாளில் அமைவது அபூர்வம் என்பதால் பக்கத்துத் தாள்களையும் எடுத்துவிடுங்கள். அவற்றின் பெயர்கள் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும்.

பலரும் ஏமாறுவது ஆண்டில்தான். அளந்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, மறு அச்சு ஆண்டு என்று மூன்று இருக்கலாம். அளந்த ஆண்டையே நம்புங்கள். ஊதா நிறத்தில் இருப்பவை பின்னால் வான்படத்தைப் பார்த்துச் சேர்த்தவை, களத்தில் சரிபார்க்காதவை.

நிரப்பிய கறுப்புச் சதுரம் வீடு, உள்ளே வெறுமையான கட்டம் களஞ்சியம். கொடி இருந்தால் பள்ளி, சிலுவை இருந்தால் தேவாலயம். உரிமையாளர் பெயர் இதில் கிடைக்காது. அதற்கு, எந்த நிலம் யாருடையது என்று காட்டும் கவுண்டியின் பிளாட் புத்தகம்தான்.

இன்றைய படத்தின்மேல் வைக்கும்போது சற்று விலகினால், பழைய தாள் 1927 டேட்டத்தில் (இருப்பிடங்களைக் கணக்கிடும் அடிப்படை அளவுமுறை) இருப்பது காரணமாக இருக்கலாம். மைலுக்கு ஒரு சாலை ஓடும் ஊர் என்பதால் செக்‌ஷன் மூலைச் சந்திப்புகளை வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் நேராக வடக்கே போகும் சாலை சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கித் தொடர்ந்தால் அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். வடக்கே போகப்போக நெடுவரைகள் நெருங்குவதால், அளந்தவர்கள் திருத்தக் கோட்டில் வேண்டுமென்றே விட்ட விலகல் அது.

அடுத்த பதிப்பில் வீட்டுச் சதுரம் காணாமல்போனால், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத் தளத்திலுள்ள 1930களின் வான்படத்தைப் பாருங்கள். பண்ணை வீடுகளுக்கு வடக்கிலும் மேற்கிலும் காற்றுத் தடுப்பு மரங்கள் நடுவார்கள். வீடு போன பிறகும் அந்த ‘ட’ வடிவத் தோப்பு பல இடங்களில் நிற்கும்.